'மக்கும்' என்று எழுதிய வெட்டிங் ஏஜென்ட்டை நம்பலாமா?

கேள்வி: திருப்பூர் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன சாயப்பட்டறை இருக்கிறது. எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு அப்பாவுக்கு உதவியாகக் கெமிக்கல் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறேன். ஸ்கவரிங்குக்கு (சாயத்துக்கு முன் துணியிலுள்ள எண்ணெயைக் கழுவுவதற்கு) வருடக்கணக்காக நாங்கள் வாங்கும் வெட்டிங் ஏஜென்ட்டில் (துணியை நனைய வைக்கும் திரவத்தில்) ஏபிஇஓ என்ற ரசாயனம் இருக்கிறது, உடனே நிறுத்துங்கள் என்று பையரின் ஆடிட்டர் சொல்லிவிட்டுப் போனார். சப்ளையரோ, "எம்எஸ்டிஎஸ்ஸில் (பாதுகாப்புத் தாளில்) மக்கும் பொருள் என்று போட்டிருக்கிறது, இதெல்லாம் வெள்ளைக்காரனின் வியாபாரத் தந்திரம்" என்கிறார். கழிவுநீரில் ஃபீனால் சோதனையும் பாஸ். தண்ணீர் முழுக்கப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகிறது. "ஆற்றில் ஒரு சொட்டுகூட விடுவதில்லை, அப்புறம் என்ன ஆபத்து?" என்று அப்பா கேட்கிறார். ஒரு கெமிக்கல் சுற்றுச்சூழலுக்குக் கெடுதலா, எவ்வளவு கெடுதல் என்று நாங்களே கணிக்க முடியுமா?

பதில்: முடியும். உங்கள் படிப்புக்கு இது பெரிய வேலை இல்லை. முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: ஆடிட்டர் சொன்னதுதான் சரி, அந்த டிரம்மை நிறுத்திவிடுங்கள். சப்ளையர் பொய் சொல்லவில்லை. பாதிக் கதையோடு நிறுத்திக்கொண்டார். மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

ஏபிஇஓ, அதாவது ஆல்கைல்ஃபீனால் எத்தாக்சிலேட், என்பது ஒரு குடும்பப் பெயர். நம் ஊர் பிராசஸிங்கில் அதில் பெரும்பாலும் புழங்குவது நானைல்ஃபீனால் எத்தாக்சிலேட், சுருக்கமாக என்பிஇ. கெமிக்கல் கடையில் 'என்பி 9', 'என்பி 9.5' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது இதைத்தான். மூலக்கூறின் ஒரு முனையில் எண்ணெயைப் பிடிக்கும் நானைல்ஃபீனால், மறுமுனையில் தண்ணீரைப் பிடிக்கும் எத்திலீன் ஆக்சைடு சங்கிலி. பெயரில் வரும் 9, அந்தச் சங்கிலியில் சராசரியாக எத்தனை கண்ணி என்பதைக் குறிக்கிறது. விலை குறைவு, நனைக்கும் திறன் அதிகம். நிட்டிங் ஆயிலை அழகாகக் கழற்றிவிடும். அதனால்தான் இத்தனை வருடம் யாரும் இதை விடவில்லை.

இது கழிவுநீர்த் தொட்டிக்குள் போனதும் பாக்டீரியாக்கள் சங்கிலியை நுனியிலிருந்து தின்னத் தொடங்கும். ஒன்பது கண்ணி ஐந்தாகும், இரண்டாகும், ஒன்றாகும். அதற்குமேல் அவற்றுக்குச் சுலபமான தீனி இல்லை. மிஞ்சுவது கிளைவிட்ட ஒன்பது கார்பன் சங்கிலியும் ஃபீனால் வளையமும், அதாவது நானைல்ஃபீனால். காற்று இல்லாத சேற்றுக்குள் அது அப்படியே தங்கிவிடும். உங்கள் எம்எஸ்டிஎஸ்ஸில் இருக்கும் 'மக்கும்' என்ற வரி பெரும்பாலும் எந்தச் சோதனையைச் சொல்கிறது தெரியுமா? முழு மூலக்கூறு காணாமல் போனதா என்பதை மட்டும் பார்க்கும் முதல்நிலைச் சோதனையை. நுரை நின்றது, சர்ஃபாக்டன்ட் (நுரைக்கும் சலவைப் பொருள்) அளவு 80, 90 சதவீதம் குறைந்தது, எனவே மக்கியது என்று முடித்துவிடுவார்கள். அது கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் ஆனதா, வேறொன்றாக மாறி நிற்கிறதா என்ற கேள்விக்கு அந்தச் சோதனையில் பதில் கிடையாது.

கேட்க வேண்டியது ஓஈசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 301 வரிசைச் சோதனை. 28 நாளில் கரைந்த கார்பனில் 70 சதவீதம் போயிருக்க வேண்டும், அல்லது ஆக்சிஜன் செலவு அல்லது கார்பன் டை ஆக்சைடு கணக்கில் 60 சதவீதத்தைத் தொட்டிருக்க வேண்டும். அப்போதுதான் 'எளிதில் மக்குவது' என்று சொல்லலாம். சோதனை எண் போடாமல் வெறுமனே 'மக்கும்' என்று எழுதியிருக்கும் தாளை நான் வெற்றுத்தாளாகத்தான் மதிப்பேன்.

இந்த உருமாற்றம் இன்று நேற்றுத் தெரிந்ததல்ல. 1984-லேயே சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களின் செரித்த சேற்றை அளந்து எழுதினார்கள். உலர்ந்த சேற்றில் கிலோவுக்கு 0.45 முதல் 2.53 கிராம் வரை நானைல்ஃபீனால். மில்லிகிராம் இல்லை, கிராம். யாரும் அங்கே நானைல்ஃபீனாலைக் கொண்டுபோய்க் கொட்டவில்லை. போனதெல்லாம் சலவைப் பொருளில் இருந்த என்பிஇ. சுத்திகரிப்பு நிலையமே அதை நானைல்ஃபீனாலாக மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அடுத்தது பாஸ்டனில் நடந்தது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோவும் கார்லோஸ் சொன்னென்ஷைனும் மார்பகப் புற்றுநோய்ச் செல்களை வளர்த்து, ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் பெருகுகிறதா, கொடுக்காவிட்டால் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஈஸ்ட்ரோஜன் கொடுக்காத தட்டுகளிலும் செல்கள் பெருகத் தொடங்கின. ஒவ்வொரு பொருளாக விலக்கிப் பார்த்ததில் குற்றவாளி பிளாஸ்டிக் குழாய் என்று தெரிந்தது. அதிலிருந்து கசிந்தது நானைல்ஃபீனால். 1991-இல் அதை வெளியிட்டார்கள். பெண் ஹார்மோனைப் போல நடிக்கும் தொழிற்சாலை ரசாயனங்களைப் பற்றிய பேச்சு சூடுபிடித்ததில் இந்தக் குழாய்க்கும் பங்குண்டு.

மூன்றாவது உங்கள் தொழிலுக்கு ரொம்பப் பக்கம். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் ஏர் என்று ஓர் ஆறு. அதன் கரையில் கம்பளி ஆலைகள். அவர்களும் ஸ்கவரிங்குக்கு என்பிஇ-தான் போட்டார்கள். 1990-களில் அந்த ஆற்றில் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கீழே ஆண் டிரவுட் மீன்களைக் கூண்டில் வைத்துப் பார்த்தபோது, அவற்றின் ரத்தத்தில் முட்டைக்கரு புரதம் ஏராளமாக இருந்தது. பெண் மீன் முட்டை போடுவதற்காகத் தயாரிக்கும் புரதம் அது. ஆண் மீனுக்கு அதனால் எந்த வேலையும் இல்லை. விந்தகம் சரியாக வளரவில்லை. கவனியுங்கள், மீன் எதுவும் செத்து மிதக்கவில்லை. நம் ஊரில் மீன் செத்தால்தான் அதிகாரி வருவார். இந்த வகைக் கெடுதல் அந்தக் கணக்கில் வரவே வராது. பிறகு ஆலைகள் என்பிஇ-ஐ மாற்றத் தொடங்கின. ஆற்றில் அளவு இறங்கியது, மீன்களில் அந்த அறிகுறியும் குறைந்தது. அதாவது, மாற்றினால் பலன் உண்டு.

சரி, கணிப்பது எப்படி? எந்தக் கெமிக்கலுக்கும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். அதன் இயல்பு எவ்வளவு கெட்டது என்பது ஒன்று. உங்கள் பட்டறையிலிருந்து அது எவ்வளவு, எங்கே போய்ச் சேர்கிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான விடை ஊருக்கு ஊர் மாறாது. இரண்டாவதை உங்களைத் தவிர யாரும் சரியாகச் சொல்ல முடியாது.

இயல்பைப் பார்க்க, பதினாறு பகுதிகள் கொண்ட முழு பாதுகாப்புத் தாளை வாங்குங்கள். ஒரு பக்கத்தில் அச்சடித்த பழைய எம்எஸ்டிஎஸ் உதவாது. மூன்றாம் பகுதியில் கலவை விவரமும் சிஏஎஸ் எண்களும் (ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உரிய அடையாள எண்) இருக்க வேண்டும். 9016-45-9, 127087-87-0, 26027-38-3 ஆகிய எண்களில் எது இருந்தாலும் அது என்பிஇ. 84852-15-3, 25154-52-3 இருந்தால் நானைல்ஃபீனாலே. அந்த இடத்தில் 'தொழில் ரகசியம்' என்றோ 'அயனியற்ற சர்ஃபாக்டன்ட் கலவை' என்றோ மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். பன்னிரண்டாம் பகுதிதான் சுற்றுச்சூழல். அங்கே மீனுக்கு 96 மணி நேரம், டாஃப்னியா என்ற நீர்ப்பூச்சிக்கு 48 மணி நேரம், பாசிக்கு 72 மணி நேரம் என்று மூன்று எண்கள் தேவை. அந்த நேரத்துக்குள் பாதி உயிர்களைக் கொல்லும் அல்லது முடக்கும் அளவு (பாசியானால் வளர்ச்சியைப் பாதியாக்கும் அளவு) லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதுதான் அந்த எண். எண் சிறியதாக இருந்தால் விஷம் கடுமையானது. 1 மில்லிகிராமோ அதற்கும் கீழோ இருந்தால் உலகப் பொது வகைப்பாட்டு முறையில் (ஜிஎச்எஸ்) அதுதான் மிக மோசமான வகுப்பு. பட்ட மரமும் செத்த மீனும் போட்ட சின்னமும், எச்400 என்ற குறியீடும் வரும்.

என்பி 9-க்கு மீன்களில் இந்த எண் பொதுவாகச் சில மில்லிகிராம்களில் நிற்கும். பார்க்க அவ்வளவு பயமாக இருக்காது. ஆனால் நானைல்ஃபீனாலுக்கு அதே எண் 0.1 முதல் 0.3 மில்லிகிராமுக்குள் வந்துவிடும். பிள்ளை தாயைவிடப் பத்து இருபது மடங்கு விஷம். போதாக்குறைக்கு, சங்கிலி போனதால் தண்ணீரைவிட எண்ணெயில் ஒட்டுகிற குணம் ஏறிவிடுகிறது. ஆக்டனால்-நீர் பகிர்வின் மடக்கை மதிப்பு ஏறக்குறைய 4.5, அதாவது தண்ணீரில் ஒரு பங்கு என்றால் எண்ணெயில் முப்பதாயிரம் பங்கு. மீனின் கொழுப்பிலும் சேற்றிலும் ஏறிக்கொள்ளும். தாளில் தாய்ப் பொருளின் எண்ணை மட்டும் போட்டுவிட்டால் இதெல்லாம் கண்ணில் படாது. எனவே ஒரு பொருளைக் கணிக்கும்போது அது சிதைந்து என்னவாகிறது என்று கேட்டு, அந்தப் பொருளின் எண்களையும் தேடி எடுங்கள். ஐரோப்பிய வேதிப்பொருள் முகமை 2013-இல் என்பிஇ-ஐ மிகவும் கவலைக்குரிய பொருள் பட்டியலில் சேர்த்ததும் இதே தர்க்கத்தில்தான்: அது சிதைந்து நானைல்ஃபீனால் ஆகிறது என்பதே காரணம்.

அடுத்து, எவ்வளவு இருந்தால் ஆறு தாங்கும்? கையில் மீன், பூச்சி, பாசி மூன்றின் குறுகிய காலச் சோதனை மட்டும் இருந்தால், இருப்பதிலேயே சிறிய எண்ணை ஆயிரத்தால் வகுப்பார்கள். மூன்றுக்கும் நீண்டகாலச் சோதனை இருந்தால் பத்தால் வகுத்தால் போதும். தகவல் குறையக் குறைய வகுக்கும் எண் கூடும், அவ்வளவுதான். நானைல்ஃபீனாலுக்கு நிறையச் சோதனைகள் உண்டு. ஒரு பாசி லிட்டருக்கு 3.3 மைக்ரோகிராமிலேயே வளர்ச்சி குன்றத் தொடங்கியது. ஐரோப்பியர்கள் அதைப் பத்தால் வகுத்து 0.33 மைக்ரோகிராம் என்று பாதுகாப்பு எல்லை வைத்தார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2005-இல் நன்னீருக்கு நீண்டகால எல்லையாக 6.6 மைக்ரோகிராம் வைத்தது. இரண்டுக்கும் இருபது மடங்கு வித்தியாசம் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். எந்தச் சோதனையை எடுப்பது, எவ்வளவு முன்னெச்சரிக்கை வைப்பது என்பதில் நிபுணர்கள் ஒத்துப்போவது அபூர்வம். இரண்டையும் வைத்துக் கணக்குப் போடுங்கள். இரண்டிலும் தோற்றால் விவாதமே தேவையில்லை.

இப்போது உங்கள் பட்டறை. நான் ஒரு கணக்கு வைத்துக் காட்டுகிறேன், உங்கள் ஸ்டோர் ரிஜிஸ்டரைப் பார்த்து எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 10 கிலோ வெட்டிங் ஏஜென்ட், அதில் 30 சதவீதம் என்பி 9, கழிவுநீர் 2 லட்சம் லிட்டர் என்று வைப்போம். 3 கிலோ என்பிஇ. மூலக்கூறு எடை 617-இல் நானைல்ஃபீனால் பங்கு 220, எனவே முழுவதும் மாறினால் ஏறக்குறைய 1.07 கிலோ. அவ்வளவும் மாறாது. பத்தில் ஒரு பங்குதான் நானைல்ஃபீனாலாகத் தண்ணீரில் தப்புகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 107 கிராம். 2 லட்சம் லிட்டரில் வகுத்தால் லிட்டருக்கு 535 மைக்ரோகிராம். அமெரிக்க எல்லைக்கு இறங்க 80 மடங்கு நல்ல தண்ணீர் கலக்க வேண்டும், ஐரோப்பிய எல்லைக்கு 1,600 மடங்கு. ஐரோப்பியக் கணக்கு முறையில் வேறு விவரம் இல்லாவிட்டால் ஆறு பத்து மடங்கு நீர்க்கச் செய்யும் என்று எடுத்துக்கொள்வார்கள். நொய்யலுக்கு அந்தப் பத்தைக்கூடக் கொடுக்க முடியாது. மழைக்காலம் தவிர மற்ற நாளில் அதில் ஓடுவதே ஊர்ச் சாக்கடைதான்.

திருப்பூர்க்காரர்களுக்கு மாசு என்றால் டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்த உப்பின் அளவு. சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை விவகாரத்திலிருந்து, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது வரை எல்லாச் சண்டையும் உப்பைச் சுற்றியே நடந்தது. அதனால் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற அளவில் யோசித்துப் பழகிவிட்டோம். லிட்டருக்கு 0.33 மைக்ரோகிராம்தான் எல்லை என்று யாராவது சொன்னால் சிரிப்புதான் வரும். உப்பு நிறையச் சேர்ந்து கெடுக்கும். ஹார்மோன் வேடம் போடும் பொருளுக்கு அந்த அளவெல்லாம் தேவையே இல்லை.

"நாங்கள்தான் ஆற்றில் விடுவதில்லையே" என்று அப்பா கேட்பது நியாயமான கேள்வி. ஜீரோ டிஸ்சார்ஜ் (கழிவுநீரை வெளியே விடாத முறை) ஒழுங்காக ஓடுகிற நாளில் மேலே போட்ட ஆற்றுக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாதுதான். ஆனால் பொருள் காணாமல் போவதில்லை. ஆர்ஓ வடிகட்டி அதைத் தடுத்தால் ரிஜெக்ட்டுக்கு, அதாவது அது ஒதுக்கித் தள்ளும் கெட்டி நீருக்குப் போகும். அதற்கு முன்பே பெரும்பகுதி உயிரியல் தொட்டியின் சேற்றில் ஒட்டிக்கொள்ளும். சுவிட்சர்லாந்துச் சேற்றின் அளவை மேலே சொன்னேன். விவசாய நிலத்தில் போடும் சேற்றில் டென்மார்க் அனுமதிப்பது கிலோவுக்கு 10 மில்லிகிராம். ஆகவே நிலையத்தில் நீங்கள் கேட்க வேண்டியது சேறு எங்கே போகிறது என்பதை. சிமென்ட் சூளைக்குப் போனால் அந்த வெப்பத்தில் நானைல்ஃபீனால் எரிந்து அழிந்துவிடும், கவலை இல்லை. பாதுகாப்பான நிலக்குழிக்குப் போனாலும் பரவாயில்லை. முற்றத்தில் குவித்து மழையில் நனைகிறது என்றாலோ, யாரோ செங்கல்லுக்கும் தோட்டத்துக்கும் அள்ளிப் போகிறார்கள் என்றாலோ, உங்கள் பட்டறையின் பங்கு மண்ணில் இறங்கிக்கொண்டிருக்கிறது. காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆறுகளின் நீரில் நானைல்ஃபீனால் இருப்பதை ஆய்வாளர்கள் ஏற்கெனவே அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். நமக்குச் சம்பந்தமில்லாத வெளிநாட்டுப் பிரச்சினை என்று ஒதுக்க வழியில்லை.

ஃபீனால் சோதனை பாஸ் என்று எழுதியிருந்தீர்கள். இதை ஒரு வேதியியல்காரராக நீங்கள் ரசிப்பீர்கள். நம் ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யும் ஃபீனால் சோதனை 4-அமினோஆன்டிபைரின் நிறச் சோதனை. வளையத்தின் பாரா இடத்தில் (ஓஎச் தொகுதிக்கு நேர் எதிரே) ஆல்கைல் தொகுதி, அதாவது கார்பன் சங்கிலி, உட்கார்ந்திருந்தால் அந்த நிறம் வராது. நானைல்ஃபீனாலில் ஒன்பது கார்பன் சங்கிலி பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆக, தொட்டி நிறைய இருந்தாலும் சோதனை பாஸ்தான். ஜவுளிக் கழிவுநீருக்கான நம் நாட்டு வரையறைப் பட்டியலில் மொத்த ஃபீனாலுக்கு வரி உண்டு, நானைல்ஃபீனாலுக்கு என்று தனி வரி கிடையாது. எனவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ரிப்போர்ட் சுத்தமாக இருப்பதும் இதற்கு அத்தாட்சி ஆகாது. தண்ணீரில் இதைப் பிடிக்க ஜிசி-எம்எஸ் அல்லது எல்சி-எம்எஸ் என்ற ஆய்வகக் கருவி வேண்டும்.

'வெள்ளைக்காரன் தந்திரம்' என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் சப்ளையர் சொல்லும் அர்த்தத்தில் இல்லை. ஐரோப்பா 2005 ஜனவரியிலிருந்தே தன் நாட்டுப் பட்டறைகளில் என்பிஇ கலந்து கழிவுநீர் விடுவதை அநேகமாக நிறுத்திவிட்டது. ஆனால் அதைப் போட்டுத் துவைத்து நாம் அனுப்பிய பனியனைப் பல வருடம் வாங்கிக்கொண்டே இருந்தது. அந்தத் துணியை அங்கே வீட்டு வாஷிங் மெஷினில் போட்டபோது மிச்சம் கரைந்து அவர்கள் ஆற்றுக்கே வந்தது. அது தெரிந்த பிறகுதான் 2021 பிப்ரவரி 3 முதல், துவைக்கக்கூடிய துணியில் எடைக்கு 0.01 சதவீதத்துக்கு மேல் என்பிஇ கூடாது என்ற விதி அமலுக்கு வந்தது. அதாவது கிலோவுக்கு 100 மில்லிகிராம். அவர்கள் ஆற்றைக் காப்பாற்றப் போட்ட விதிதான் இது, மறுக்கவில்லை. அதில் நம் ஆறும் பிழைக்கிறது என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மாற்றுப் பொருளில் ஏமாந்துவிடாதீர்கள். 'என்பிஇ இல்லை' என்று எழுதித் தருவார்கள், உள்ளே ஆக்டைல்ஃபீனால் எத்தாக்சிலேட் இருக்கும். அதே குடும்பம், அதே கதை. 'ஏபிஇஓ இல்லை' என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள், கூடவே ஆய்வக ரிப்போர்ட்டும். முதல் லாட்டில் நீங்களே ஒரு சாம்பிள் எடுத்துத் திருப்பூரிலேயே இருக்கும் ஜவுளி ஆய்வகம் ஒன்றில் கொடுத்துப் பாருங்கள். துணிக்கு என்பிஇ பார்ப்பதற்கு ஐஎஸ்ஓ 18254-1, நானைல்ஃபீனாலுக்கு ஐஎஸ்ஓ 21084 என்று முறையின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். வழக்கமான மாற்று, கொழுப்பு ஆல்கஹால் எத்தாக்சிலேட். அதுவும் அமிர்தம் இல்லை. மீனுக்கும் டாஃப்னியாவுக்கும் அதன் குறுகிய கால எண் பல சமயம் என்பி 9-ஐ ஒட்டியே இருக்கும். சப்ளையர் அந்த எண்ணைக் காட்டி "ரெண்டும் ஒண்ணுதானே" என்பார். வித்தியாசம் சிதைவில் இருக்கிறது. நேர்ச்சங்கிலி ஆல்கஹாலை பாக்டீரியா கடைசிவரை தின்றுவிடும், விஷப் பிள்ளை எதுவும் மிஞ்சாது. விலை கொஞ்சம் கூடும். டோசேஜையும் வெப்பத்தையும் டையிங் மாஸ்டர் இரண்டு மூன்று லாட் ஓட்டிப் பார்த்து அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பழைய ரெசிப்பியில் அப்படியே ஊற்றிவிட்டு "ஆயில் போகவில்லை" என்று குறை சொன்னால் பயனில்லை.

வெட்டிங் ஏஜென்ட்டை மாற்றியதோடு விட்டுவிடவும் வேண்டாம். சிலிகான் சாஃப்ட்னர் எமல்ஷன், பிரிண்டிங் பைண்டர், பிக்மென்ட் பேஸ்ட், நிட்டிங்கில் போடும் ஆயில் எல்லாவற்றிலும் எமல்சிஃபையராக (எண்ணெயையும் நீரையும் கலந்து வைக்கும் பொருளாக) இது ஒளிந்திருக்கலாம். நிட்டிங் ஆயில் உங்கள் ஸ்டோரில் இருக்காது, துணியோடு வரும். துணி ரிப்போர்ட் ஃபெயிலாகி, ஸ்டோரில் எல்லாம் சுத்தம் என்றால் அங்கே தேடுங்கள்.

கடைசியாக, ஸ்டோரில் மிச்சம் இருக்கும் டிரம்கள். "இதை மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்தலாம்" என்று யாராவது சொல்வார்கள், டிரெயினில் ஊற்றிவிடலாம் என்றும் சொல்வார்கள். இரண்டும் வேண்டாம். லேபிளோடு மூடி தனியாக வையுங்கள், சப்ளையரைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், அபாயக் கழிவைக் கையாள வாரியத்தின் அனுமதி பெற்றவரிடம் ரசீதோடு ஒப்படையுங்கள். அந்த ரசீதின் நகலை ஆடிட்டருக்கும் அனுப்பிவிடுங்கள், அடுத்த தடவை வரும்போது முதலில் அதைத்தான் கேட்பார்.